மச்சானுக்கு ஒரு கை

இது நடந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வெள்ளைச் சேலை இல்லை. கொலுசுச் சத்தம் இல்லை. நாய் ஊளையிடாது, விளக்கு அணையாது. எல்லாம் நடந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மேல், ஏ.சி. போட்ட அறையில், கம்பளம் விரித்த தரையில். பேய் இவ்வளவு வசதியாக வருமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வந்தது, அவ்வளவுதான். இதைச் சொன்ன பல் டாக்டர், என் வாய்க்குள் இரண்டு விரலும் ஒரு சின்னக் கண்ணாடியும் வைத்துக்கொண்டு சொன்னார். குறுக்கே ஒரு கேள்வி கேட்க வழியில்லை. அதனால் அவர் சொன்னது சொன்னபடியே இருக்கிறது. என் சரக்கு எதுவும் சேரவில்லை.

டாக்டருக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாகப் பல் பிடுங்குகிறார். கை நடுங்கியதாக ஒரு புகார் கிடையாது. அந்தக் கைக்கு இரண்டே வேலை. பகலில் பல், சாயங்காலத்தில் இசைத்தட்டு. ஊசியைத் தட்டின் ஓரத்தில் இறக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வார். வலிக்கப் போவது தட்டுக்கா இவருக்கா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வந்துவிடும்.

கூட உட்கார்ந்து கேட்க ஒரே ஆள்தான் உண்டு. மனைவியின் அண்ணன். ரேடியோ நிலையத்தில் ஒலிப்பதிவுக்காரர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது காது போய்விட்டது. வீட்டில் அவருக்குப் பெயரே 'ஒத்தக்காது'. அந்த ஒற்றைக் காதை வைத்துக்கொண்டே ரேடியோவில் முப்பத்தெட்டு வருஷம் குப்பை கொட்டினார். நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு, வலது காதை ஸ்பீக்கர் பக்கம் கொடுத்துத்தான் உட்காருவார். பார்த்தால் ஸ்பீக்கரோடு கோபித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.

"மாப்ளே, உனக்குத்தான் ரெண்டு ஸ்பீக்கர். எனக்கு ஒண்ணு போதும். கரண்டு மிச்சம்" என்பார்.

அவரிடம் ஒரு தட்டு இருந்தது. கடையில் வாங்கியதல்ல. ரேடியோ நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அங்கிருந்த இயந்திரத்தில் அவரே தன் கையால் ஒலியைக் கீறி எடுத்த தட்டு. உலகத்திலேயே அது ஒன்றுதான். அதில் இருந்தது அவருடைய அம்மாவின் குரல். மைக் முன்னால் நிறுத்தி "ஏதாவது பேசும்மா" என்றதும் அந்த அம்மாளுக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. முந்தானையில் முடிந்து வைத்திருந்த சலவைச் சீட்டை எடுத்து வாசித்தாள். சட்டை நாலு. தலையணை உறை ரெண்டு. நீலச் சட்டையில் மூணாவது பட்டன் இல்லை. நடுவில் பக்கத்தில் நின்ற ஆறு வயதுப் பெண்ணைப் பார்த்து, "சின்னக்குட்டி, வாயில விரல் வைக்காதே" என்று ஒரு அதட்டல். பிறகு போர்வை ஒண்ணு. மொத்தம் இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி.

அந்தச் சின்னக்குட்டிதான் பின்னாளில் டாக்டரின் மனைவி. தட்டு பதிவாகி நாலு மாதத்தில் அம்மா போய்விட்டாள். பெண்ணுக்கு அம்மாவின் முகம்கூடச் சரியாக ஞாபகம் இல்லை. அம்மா தன்னைத் திட்டினாள் என்பதற்கு அந்தத் தட்டு ஒன்றுதான் அத்தாட்சி. வருஷத்துக்கு ஒரே ஒரு முறை அண்ணன் போட்டுக் காட்டுவார். அதற்கு மேல் போட மாட்டார். அந்த மாதிரித் தட்டு மெழுகு மாதிரி மென்மையானது. போடப் போடத் தேயும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் டாக்டருக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. மனைவியின் பிறந்தநாளுக்கு அந்தக் குரலைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பரிசாகக் கொடுக்கலாம் என்று. மச்சான் வெளியூர் போயிருந்த நேரம். வீட்டுச் சாவி டாக்டரிடம் இருந்தது. தட்டை எடுத்துவந்து தன் பிளேயரில் போட்டார். ஊசி வழுக்கியது. மறுபடி போட்டார். மறுபடி வழுக்கியது. அப்போது அவர் செய்த காரியத்தை, தட்டுப் போடுகிற ஜாதியில் பிறந்த யாரும் ஒருமுறையாவது செய்திருப்பார்கள், ஆனால் வெளியில் சொல்ல மாட்டார்கள். பிளேயரில் ஊசியைத் தாங்குகிற கையின் தலையில் ஒரு நாணயத்தை வைத்தார்.

வழுக்கவில்லை. நன்றாக அழுத்திக்கொண்டு ஓடியது. மூன்று தடவை போட்டார். மூன்றாவது தடவை ஊசியின் முனையில் கறுப்பாக ஏதோ சுருண்டு நின்றது. நூல் மாதிரி. பல்லை ராவும்போது வருகிற தூளை ஊதுகிற பழக்கத்தில் உஃப் என்று ஊதிவிட்டார். பறந்து போனபிறகுதான் உறைத்தது. அது தூசி இல்லை. மாமியார்.

தட்டைத் திருப்பி வைக்கத் தைரியம் வரவில்லை. கிளினிக்கில், பழைய எக்ஸ்ரே உறை ஒன்றில் போட்டு, மேலே 'கடைவாய்' என்று எழுதி அலமாரியின் அடியில் சொருகினார். மச்சான் ஊரிலிருந்து வந்து தேடினார். நாலு நாள் தேடினார்கள். டாக்டரும் கூடத் தேடினார். பரண்மேல் ஏறித் தேடினார். தும்மல்கூட வந்தது.

ஐந்தாம் நாள் மச்சான் தங்கையிடம், "நான்தான் எங்கயோ கைமறதியா வச்சுத் தொலைச்சுட்டேன்மா" என்றார்.

அதற்கப்புறம் அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளவில்லை. பத்து வருஷம். வீட்டில் ஒரு கரண்டி காணாமல் போனாலும், "எங்கண்ணன் வந்துட்டுப் போனானா?" என்பாள். டாக்டர் பேப்பருக்குள் தலையை விட்டுக்கொள்வார்.

மச்சான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தங்கை ஒருநாள் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாள். உள்ளே வரவில்லை. அன்று சாயங்காலம் டாக்டர் தனியாகப் போனார். மச்சான் வலது காதைத் தலையணையிலிருந்து திருப்பிக் காட்டினார். பேசு என்று அர்த்தம். டாக்டர் பேசவில்லை. மச்சான்தான் பேசினார்.

"மாப்ளே, நல்லதா ஒரு பிளேயர் வாங்கு. ரெண்டு கை வச்சது. ஒரு கை உனக்கு, ஸ்டீரியோவுக்கு. இன்னொரு கை எனக்கு. அதுல பெரிய ஊசி போடு. தேஞ்ச தட்டா இருந்தாலும் பெரிய ஊசி தேயாத இடத்தைத் தேடித் தொடும்."

தேய்ந்த தட்டு என்று ஏன் சொன்னார்? டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்கு வர்றேன் மச்சான், நாளைக்குப் பேசலாம்" என்று எழுந்துவிட்டார்.

மறுநாள் வியாழக்கிழமை. மத்தியானம் மூன்று பதினேழுக்கே மச்சான் போய்விட்டார்.

அண்ணனின் படத்தைத் தங்கை சுவரில் மாட்டவில்லை. பழைய கரண்டு பில்கள் கிடக்கிற இழுப்பறையில், முகம் கீழே இருக்கும்படி வைத்தாள். "தொலைக்கிறவனுக்கு அங்கதான் இடம்" என்றாள். டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். அதற்குப் பிறகும் வீட்டில் ஏதாவது தொலைந்தால் அவள் அண்ணனைத்தான் திட்டினாள்.

அதன்பிறகு ஒன்பது மாதம் டாக்டர் பிளேயர் தேடினார். வாய் திறந்து ஒரு வாக்கியம் சொல்வதைவிட ஒன்பது மாதம் கடை ஏறி இறங்குவது சுலபம் என்று நினைக்கிற மனுஷர்கள் உண்டு. இவர் அந்தக் கட்சி. குரல் மட்டும் மீண்டு வந்துவிட்டால் போதும், தட்டு எங்கேயோ கிடைத்தது என்று ஏதாவது கதை கட்டிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கடைசியில் ஒரு கடை அமைந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. முன்பதிவு செய்தால்தான் கதவு திறக்கும். கடைக்காரம்மா முன்பு கைக்கடிகாரம் பழுதுபார்த்தவர். ஒரு கண்ணை எப்போதும் கொஞ்சம் இடுக்கிக்கொண்டே பேசுவார்.

வியாழன் மத்தியானம் இரண்டு முப்பத்தைந்துக்குப் போனார். மனைவியிடம் பல் டாக்டர்கள் கூட்டம் என்று சொல்லியிருந்தார். பையில் எக்ஸ்ரே உறை இருந்தது.

கேட்கும் அறை உள்ளே இருந்தது. தடித்த கதவு. சாத்தினால் தெருவே செத்துப்போகும். இரண்டு ஸ்பீக்கர், அவற்றைப் பார்த்து இரண்டு நாற்காலி, சத்தமில்லாத சுவர்க்கடிகாரம். நீளமான மேஜையில் மூன்று பிளேயர்கள்.

முதலாவது வெள்ளி நிறம். இரண்டு கையும் ஒரே பக்கம். ஒன்றைத் தொட வேண்டுமானால் இன்னொன்றைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும்.

"ஒரு ஆள் மேல சாஞ்சுகிட்டு இன்னொரு ஆளுக்குப் பல் பிடுங்கற மாதிரி இருக்கு மேடம்."

"அப்ப அடுத்தது பாருங்க டாக்டர். கண்ணாடித் தட்டு. வேணும்னா நாலு கை வரைக்கும் மாட்டிக்கலாம்."

"நாலு கையா? பாத்திரம் தேய்க்குமா?"

"தேய்ச்சா நான் ஏன் விக்கப்போறேன்?" என்றார் கடைக்காரம்மா.

மூன்றாவது கறுப்பு மரம். பார்க்கச் சாதாரணம். தூக்கினால் இடுப்பு பிடிக்கும் கனம். வலது பக்கம் ஒன்பது அங்குலத்தில் ஒரு கை, பின்பக்கம் பன்னிரண்டு அங்குலத்தில் ஒரு நீளக் கை. இரண்டுக்கும் ஏற்றி இறக்கத் தனித்தனித் தூக்கி, தனித்தனி ஒயர். பழைய தட்டுகளுக்கான எழுபத்தெட்டு சுற்று வேகமும் இருந்தது. டாக்டர் பின்பக்கத்துக் கையின் தூக்கியை விரலால் இறக்கிப் பார்த்தார். எண்ணெயில் இறங்குவது போல நிதானமாக இறங்கியது. மரத்துப்போன ஈறில் தான் ஊசி போடுகிற வேகம். இதுதான் என்று மனதுக்குப் பட்டுவிட்டது.

"ரெண்டு கை எதுக்குன்னு கேக்கலாமா?" என்றார் அம்மா.

டாக்டர் உறையிலிருந்து தட்டை எடுத்தார். பதினோரு வருஷத்தில் முதல்முறையாக. கடைக்காரம்மா அதை விளக்குக்கு நேரே சாய்த்துப் பார்த்தார். இடுக்கிய கண் இன்னும் இடுங்கியது.

"அடப்பாவமே. கரண்டி வச்சுச் சுரண்டின மாதிரி இருக்கே. யாரு இப்படித் தேச்சது?"

டாக்டர் யோசிக்கவே இல்லை. நாக்கு பழகிய தடத்தில் ஓடிவிட்டது.

"என் மச்சான்."

சொன்ன கையோடு பின்னால் ஒரு இருமல் கேட்டது. மெல்லிசாக. க்ஹும் என்று.

திரும்பினார். யாரும் இல்லை. கடைக்காரம்மாதான் தொண்டையைச் செருமியிருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். அம்மா அவருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார் என்பது கொஞ்சம் கழித்துத்தான் நினைவுக்கு வந்தது. மணி இரண்டு ஐம்பத்தெட்டு.

அம்மா முதல் கையில் கடையின் தட்டு ஒன்றைப் போட்டுக் காட்டினார். அருமையாக இருந்தது. டாக்டருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பிறகு கடைக்காரம்மா அந்தத் தட்டை எடுத்துவிட்டு மச்சானின் தட்டை வைத்தார். பின்பக்கத்து நீளக் கையில் பெரிய ஊசியைப் பொருத்தி, எடையைச் சரிபார்த்தார்.

"ஒயர் குடோன்ல இருக்கு. கீழ போய் எடுத்துட்டு வரணும். இந்தக் கை இப்ப எதோடயும் சேரலை, ஊமை. பத்து நிமிஷம். எதையும் தொடாதீங்க டாக்டர்."

"தொடலை."

"இந்த மாதிரித் தட்டை ஆசைப்பட்டுத் தொடறவங்கதான் தேச்சுடறாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கதவு சாத்தியது. மணி மூன்று ஒன்பது.

டாக்டர் உட்காரத் திரும்பினார். இரண்டு நாற்காலிகளில் ஒன்று பக்கவாட்டில் திரும்பியிருந்தது. இடது சுவரைப் பார்த்து.

வந்தபோது நேராகத்தானே இருந்தது? அம்மா போகும்போது இடித்திருப்பார். போய் நேராக்கினார். கால்களுக்கு அடியில் கம்பளத்தில் நாலு பள்ளம் பதிந்திருந்தது. அந்தப் பள்ளத்திலேயே கால்களைச் சரியாக வைத்தார். பிறகு தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார்.

மேஜையைப் பார்த்தார். தட்டு சுற்றிக்கொண்டிருந்தது.

எழுந்துபோய் அணைத்தார். சுற்றிக்கொண்டே வந்து... மெதுவாகி... நின்றது. கை இரண்டும் தத்தம் கொக்கியில் இருந்தன. நல்லது. திரும்பினார்.

நாற்காலி பக்கவாட்டில் திரும்பியிருந்தது.

இந்தமுறை அவர் அதைத் தொடவில்லை. மணி மூன்று பதினாலு.

நாற்காலியின் மெத்தை நடுவில் அமுங்கியிருந்தது. யாரோ உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு.

தட்டு மறுபடி சுற்றத் தொடங்கியது. மோட்டாருக்குச் சத்தமே இல்லை. விலை உயர்ந்த பிளேயருக்கு அதுதான் அழகு என்று ஒன்பது மாதமாகப் படித்திருந்தார். இப்போது அந்தச் சத்தமின்மை வேண்டாம் போலிருந்தது.

பின்பக்கத்துக் கை கொக்கியிலிருந்து எழுந்தது.

தட்டின் ஓரத்துக்கு வந்தது.

நின்றது. மூச்சைப் பிடித்துக்கொண்டது போல.

பிறகு இறங்கியது... நிதானமாக... ஈறில் ஊசி இறங்குகிற வேகத்தில்...

ஸ்ஸ்ஸ்ஸ்.

ஒயர் இல்லாத கை அது. ஊமை.

சத்தம் ஒரு ஸ்பீக்கரிலிருந்து மட்டும் வந்தது.

ஸ்ஸ்ஸ்ஸ்... க்ஹும்.

மாமியாரின் குரல் இல்லை அது.

"மாப்ளே..."

மணி மூன்று பதினேழு.

"யாரு தேச்சது?"

டக்.

"யாரு தேச்சது?"

டக்.

கீறல் விழுந்த தட்டில் ஊசி ஒரே சுற்றில் மாட்டிக்கொண்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு சுற்றுக்கு ஒரு தரம். கோபமே இல்லாத குரல். அதுதான் தாங்க முடியவில்லை.

"யாரு தேச்சது?" டக். "யாரு தேச்சது?" டக்.

தூக்கியை உயர்த்தக் கையை நீட்டினார். கை ஆடியது. இத்தனை வருஷத்தில் ஆடாத கை. விரல் தூக்கியைத் தொடாமல் காற்றில் தட்டுத் தடுமாறியது. இந்த நிலைமையில் தொட்டால் ஊசி குறுக்கே ஓடிவிடும். மிச்சம் இருப்பதும் போகும். கையை மடக்கிக்கொண்டார்.

"நான்தான்" என்றார்.

"யாரு தேச்சது?" டக்.

"நான்தான் மச்சான்!"

"யாரு தேச்சது?" டக்.

அப்போதுதான் புரிந்தது. நின்ற இடம் தப்பு. இடது காதுப் பக்கம் நின்று கத்திக்கொண்டிருக்கிறார்.

சுற்றிக்கொண்டு போனார். ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில், கம்பளத்தில் மண்டி போட்டார். யாரும் இல்லாத நாற்காலியில், ஒரு காது இருக்க வேண்டிய உயரத்துக்கு வாயைக் கொண்டுபோனார்.

அந்த இடத்தில் காற்று வெதுவெதுப்பாக இருந்தது.

சொன்னார். சாவி போட்டு எடுத்ததை. நாணயத்தை. ஊதியதை. எக்ஸ்ரே உறையை. பரணில் ஏறித் தும்மியதை. ஆஸ்பத்திரியில் எழுந்து ஓடியதை. இன்று இருபது நிமிஷத்துக்கு முன்னால்கூட மச்சான் தலையில் கட்டியதை.

சொல்லி முடித்ததும்...

கை தூக்கிக்கொண்டது.

கொக்கிக்குப் போனது.

தட்டு நின்றது.

அமுங்கியிருந்த மெத்தை மெல்ல, மெல்ல நிமிர்ந்தது.

மணி மூன்று இருபது.

கடைக்காரம்மா ஒயரோடு வந்தபோது மூன்று இருபத்தைந்து. "ஏன் டாக்டர் தரையில உக்காந்திருக்கீங்க? நாற்காலி பிடிக்கலியா?"

டாக்டர் எழுந்து ஓரமாக நின்றார். அம்மா ஒயரை மாட்டினார். கையை இறக்கினார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று இரண்டு ஸ்பீக்கரிலும் மழை பெய்தது. நடுவிலிருந்து போட்டுப் பார்த்தார். கடைசியிலிருந்து போட்டுப் பார்த்தார். வேறு ஊசி மாற்றிப் போட்டார். மழைதான்.

"இதுல ஒண்ணும் மிச்சம் இல்லை டாக்டர். மன்னிச்சுக்குங்க. எந்த ஊசிக்கும் அகப்படாது." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அப்ப ஒரு கை போதுமில்ல?" என்றார்.

"ரெண்டு கையும் இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

வீட்டுக்குப் போனபோது மணி ஐந்து ஐந்து. மனைவி கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மடியில் கைப்பேசி. விளக்குப் போடவில்லை. டாக்டர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நின்றபடியே தட்டை எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது தொலையலை. நான்தான் எடுத்தேன். உங்கண்ணன் இல்லை."

ஆரம்பித்துவிட்டால் நிறுத்த முடியவில்லை. அங்கே சொன்ன அத்தனையும், அதே வரிசையில், ஒரு மூச்சில் இங்கேயும் வந்தது. அவள் இடையில் ஒரு வார்த்தை பேசவில்லை. அழவில்லை. தட்டைப் பார்க்கவும் இல்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை மாறலை" என்றாள்.

"என்னது?"

"போன்ல சொல்றது எப்படியோ அப்படியே சொல்றீங்க. தும்மினது வரைக்கும்."

"எந்தப் போன்?"

"விளையாடாதீங்க. வாராவாரம் பண்றீங்களே. வியாழக்கிழமை, மூணு பதினேழுக்கு. அண்ணன் போன அடுத்த வாரம் முதல் போன் வந்தது. கேட்டுட்டு அன்னிக்கு பூரா அழுதேன். பத்து வருஷம் அவன்கிட்ட பேசாம இருந்துட்டேனேன்னு. சாயங்காலம் நீங்க வந்தீங்க. ஒண்ணுமே நடக்காத மாதிரி காப்பி கேட்டீங்க. சரி, நேருல சொல்ல வாய் வரலை போலன்னு விட்டுட்டேன். மறுவாரம் திரும்பப் பண்ணீங்க. திரும்ப காப்பி கேட்டீங்க."

டாக்டர் பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எல்லாம் தெரிஞ்சுமா அண்ணனைத் திட்டிக்கிட்டிருந்தே?"

"உங்க காதுல விழணும்னுதான் திட்டினேன். எந்த மனுஷனாவது எவ்வளவு நாள்தான் கேட்டுக்கிட்டு இருப்பான்? நீங்க இருந்தீங்க."

கைப்பேசியை நீட்டினாள். வாங்கிப் பார்த்தார். வியாழன், மூன்று பதினேழு, அவருடைய எண், இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி. அதற்குக் கீழே முந்தின வியாழன். அதற்குக் கீழே அதற்கு முந்தினது. நாற்பது வியாழன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம் ஐம்பது விநாடி. தன்னுடைய கைப்பேசியை எடுத்துத் தேடினார். ஒன்றுகூட இல்லை. போன வியாழன் அந்த நேரத்தில் அவருடைய இரண்டு கையும் ஒரு கணக்கு வாத்தியாரின் வாய்க்குள் இருந்தன. அதற்கு முந்தின வியாழன் ஒரு லாரி டிரைவர். கிளினிக்கின் நோட்டில் எழுதியிருந்தது.

"நான் பண்ணலை" என்றார்.

அவள் அதை நம்பினாளா, ஏற்கனவே தெரிந்துதான் வைத்திருந்தாளா, அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"அது யாரா இருந்தா என்ன? நீங்க சொல்றதையா நான் கேட்டேன்? ரெண்டு வாரத்துலயே அது மனப்பாடம் ஆயிடுச்சு. நீங்க பேசப் பேச, பின்னாடி ரொம்ப தூரத்துல தட்டு ஓடும். சட்டை நாலு, தலையணை உறைன்னு... நடுவுல என்னைத் திட்டுவா. கெட்டுப் போச்சு, கெட்டுப் போச்சுன்னு நீங்க அழறீங்க, பின்னாடி கணீர்னு கேக்குது. அதுக்காகத்தான் போனை வைக்கவே மாட்டேன். நாப்பது வாரமா எங்கம்மா என்கிட்ட பேசிட்டிருந்தா."

கைப்பேசியைத் திரும்ப வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கும் மூணு மணியிலிருந்து இப்படியேதான் உக்காந்திருக்கேன். வரலை."

மூன்று பதினேழுக்குத் தான் எங்கே மண்டியிட்டுக்கொண்டிருந்தோம் என்பது டாக்டருக்கு மட்டும்தான் தெரியும்.

"நீங்கதான் இப்ப நேருலயே சொல்லிட்டீங்களே" என்றாள். பிறகு, ஆறு வயதுக் குழந்தை கேட்பது போல, அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"இனிமே வராதுல்ல?"